ஒரே ஒருவர் கேட்கும் வசதி: கட்டற்ற மென்பொருளில் ஏற்பதும் மறுப்பதும்



ஜனக்புரியில் நம் வீடுகளில் தொங்கும் தினசரி நாட்காட்டி பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்ததாகத்தான் இருக்கும். அதில் திங்கட்கிழமை ராகுகாலம் 7.30 முதல் 9 வரை என்று அச்சிட்டிருக்கும். காலை 6 மணிக்குச் சூரியன் உதித்து மாலை 6 மணிக்கு மறைவதாக வைத்துக்கொண்டு, பகற்பொழுதை எட்டாகப் பிரித்து, திங்களன்று இரண்டாவது பங்கை ராகுவுக்குக் கொடுத்த கணக்கு அது. ஜனவரி 5-ஆம் தேதி தில்லியில் சூரியன் ஏறத்தாழ 7.15-க்கு உதித்து 5.39-க்கு மறைகிறது. பகல் 10 மணி 24 நிமிடம். எட்டில் ஒரு பங்கு 78 நிமிடம். அன்று திங்கட்கிழமையாக இருந்தால், இந்த ஊர்க் கணக்கில் ராகுகாலம் 8.33 முதல் 9.51 வரை. நாட்காட்டியை நம்பி 9.15-க்குப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டவர், தாம் ஒதுங்கியதாக நினைத்த நேரத்திலேயே போட்டிருக்கிறார்!

ராகுகாலத்தில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது அவரவர் விருப்பம். நம் பாடம் வேறு. எங்கள் அண்டை வீட்டுப் பெண், கல்லூரி மாணவி, தமிழ் நாட்காட்டி ஒன்றைக் கைப்பேசிக்கு எழுதி, அதைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டாள். தமிழ்த் தேதி, கிழமை, திதி, பண்டிகை, இவ்வளவுதான் அதில். சில மாதங்களில் அவளுக்கு நான்கு வேண்டுகோள்கள் வந்தன. தில்லி சூரிய உதயப்படி ராகுகாலம் வேண்டும் என்றார் ஒருவர். திருக்கணிதம் போதாது, வாக்கியப் பஞ்சாங்கமும் வேண்டும் என்றார் ஒரு பெரியவர். கொல்லம் ஆண்டையும் காட்டலாமே என்றது ஒரு மலையாளக் குடும்பம். நான்காமவர் கேட்டது: எந்த இணைய முகவரியைக் கொடுத்தாலும் அங்கிருந்து தங்கள் கோயில் விசேஷப் பட்டியலை எடுத்து நாட்காட்டியில் சேர்த்துக்கொள்ளும் வசதி.

நான்கையும் செய்துவிடலாம் என்றாள். அவள் அம்மாவோ, "பரீட்சை நேரத்தில் காசில்லாத வேலை எதற்கு?" என்றார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்ததால்தான் இந்தப் பாடத்தை எழுதத் தோன்றியது. நம் பிள்ளைகளில் பலர் இந்தத் துறையில் இருக்கிறார்கள். அவர்கள் இரவில் கணினி முன் உட்கார்ந்து என்ன யோசிக்கிறார்கள் என்பது பெற்றோருக்கும் தெரிந்திருக்கலாம்.

முதலில் ஒரு விளக்கம். கட்டற்ற மென்பொருள், அல்லது திறமூல மென்பொருள், என்றால் அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். யாரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் பலர் அனுப்பும் திருத்தங்களில் எது உள்ளே போகலாம் என்று முடிவு செய்ய ஒருவராவது வேண்டும். அவரைப் பராமரிப்பாளர் என்போம். பல மென்பொருள்களில் அவர் சம்பளமில்லாத ஒரே ஆள்.

ஒரு வசதியை எழுதுவதற்கு ஒரு வார இறுதி போதும். அதன்பின் அது அவருடைய பொறுப்பு. கைப்பேசியின் இயங்குதளம் மாறும்போதெல்லாம் அதுவும் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சுமை பெரியவர்களையும் விடுவதில்லை. லினக்ஸ் 1991-இல் பிறந்ததே இன்டெல் 386 சில்லுள்ள கணினியில்தான். 2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பில் அந்த 386-க்கான ஆதரவையே எடுத்துவிட்டார்கள். அந்தப் பழைய சில்லுக்காக வைத்திருந்த விதிவிலக்குகள், புதிதாக எதை மாற்றினாலும் குறுக்கே வந்துகொண்டிருந்தன. பிறந்த வீட்டையே காலி செய்தது போலத்தான்!

அப்படியானால் சிலர் மட்டும் கேட்கும் எதையும் மறுத்துவிடலாமா? அப்படி மறுத்திருந்தால் கணினியில் தமிழே இருந்திருக்காது. உலக மென்பொருள்களைப் பொறுத்தவரை தமிழும் ஒரு சிறு கூட்டத்தின் வேண்டுகோள்தான். நாம் கேட்டவற்றில் எது உள்ளே போனது, எது போகவில்லை என்று பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

திஸ்கி நினைவிருக்கிறதா? 1990-களின் இறுதியில் பல நாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசி வகுத்த தமிழ் எழுத்துக் குறிமுறை அது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன் மின்னூல்களைப் பல ஆண்டுகள் திஸ்கியில்தான் வெளியிட்டது. பிறகு ஒருங்குறி, அதாவது யூனிகோடு, பரவியதும் திஸ்கி ஒதுங்கிவிட்டது. பழைய கோப்பைத் திறந்தால் கட்டம் கட்டமாகவும் விசித்திரக் குறிகளாகவும் தெரியும்.

லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலானவற்றின் அடித்தளத்தில் குனூ சி நூலகம் என்று ஒன்று இருக்கிறது. வங்கி, மருத்துவமனை, ஆராய்ச்சிக்கூடம் எதுவானாலும் அங்குள்ள லினக்ஸ் சேவையகத்தில் இது இருக்க வாய்ப்பு அதிகம். அந்த நூலகத்தில், ஒரு குறிமுறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பகுதியில், திஸ்கி மாற்றியும் 2002-இல் சேர்ந்தது. எழுதிக் கொடுத்தவர் தமிழரல்லர். வேலையும் எளிதன்று. திஸ்கியில் 'கெ' என்று எழுதினால் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி முதலில் கொம்பும் பிறகு 'க'வும் பதிவாகும். ஒருங்குறியில் முதலில் 'க', பிறகுதான் கொம்பு. ஆகவே அட்டவணை பார்த்து ஒன்றுக்கொன்று மாற்றினால் போதாது. முன்பின்னாக்கி அடுக்க வேண்டும்.

உலகில் எத்தனை பேருக்கு இது வேண்டும்? மிகச் சிலருக்குத்தான். ஆனாலும் ஏற்றது சரி என்றே நான் நினைக்கிறேன். திஸ்கி முடிந்துபோன ஒன்று. அதில் இனி யாரும் புது எழுத்து சேர்க்கப் போவதில்லை. மாற்றி தனிக் கோப்பாக ஓரமாக இருக்கிறது. திஸ்கியை யாராவது கேட்டால் மட்டும் எழுந்து வரும். மற்றவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. இல்லையென்றால் இழப்பு யாருக்கு? பழைய தமிழ் மின்கோப்பை வைத்திருக்கும் நமக்குத்தான். உங்கள் பழைய கணினியில் அந்நாளைய கடிதங்களோ கவிதைகளோ திஸ்கியில் கிடந்தால், லினக்ஸ் தெரிந்த பிள்ளையிடம் 'ஐகான்வ்' கட்டளையால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

விசைப்பலகையிலும் இதே கதைதான். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 அமைப்பு, லினக்ஸின் விசைப்பலகைத் தொகுப்பில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, 1, 2, 3-க்குப் பதில் ௧, ௨, ௩ வரும் வகை ஒன்றும் தனியாக இருக்கிறது. தமிழ் எண்களில் தட்டச்சு செய்பவர்கள் எத்தனை பேர்! ஆனால் தனி வகையாக வைத்ததால் மற்றத் தமிழருக்குக்கூட இடைஞ்சல் இல்லை.

இனி மறுக்கப்பட்ட வேண்டுகோளுக்கு வருவோம். இங்கே சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். நம்மில் பலருக்கு இன்றும் மனத்தாங்கல் உள்ள விஷயம் இது. ஒருங்குறி என்பது நிரல் அன்று, விதித்தொகுப்பு. ஆனால் கட்டற்ற மென்பொருள்கள் அதன்மேல்தான் நிற்கின்றன. கேட்பவர், முடிவு செய்பவர் என்ற உறவும் அங்கே அதேதான்.

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? முதல் வகுப்புக் குழந்தை மூன்று என்று சொல்லும். ஒருங்குறியில் எண்ணினால் ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. 1991-இல் ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றபோது, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்திருந்த இஸ்கி அமைப்பைப் பின்பற்றியதால் வந்தது இது. 'க்' என்ற மெய்தான் அடிப்படை, அதோடு அகரம் சேர்ந்து 'க' ஆகிறது என்பது நம் இலக்கணம். ஒருங்குறியிலோ 'க' அடிப்படை, புள்ளி வைத்தால் 'க்'. ஆகவே உயிர், மெய், உயிர்மெய் எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று எழுந்த கோரிக்கைதான் டேஸ்16 என்ற அனைத்தெழுத்துக் குறிமுறை. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின் போது, தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16-ஐயும் சேர்த்துத் தன் தரங்களாக அறிவித்தது.

கேட்டவர்கள் கையில் வலுவான ஒரு வாதமும் இருந்தது. 1996-இல் வந்த ஒருங்குறி 2.0-வில் கொரிய மொழியின் 11,172 அசைகளுக்கும் தனித்தனி இடம் கொடுத்தார்கள். கொரியருக்கு உண்டென்றால் தமிழருக்கு ஏன் இல்லை?

பதில் அந்தக் கொரிய மாற்றத்திலேயே இருக்கிறது. அதற்கு முன் கொரிய அசைகள் வேறிடத்தில் இருந்தன. அவற்றைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்ததில், முன்பு எழுதிய கொரியக் கோப்புகள் புது மென்பொருளில் பொருளற்றுப் போயின. அந்தக் குழப்பத்துக்குப் பிறகுதான், ஒருமுறை இடம் கொடுத்த எழுத்தை இனி நகர்த்துவதோ நீக்குவதோ இல்லை என்ற உறுதியை ஒருங்குறியார் எடுத்துக்கொண்டார்கள். டேஸ்16-ஐ ஏற்றால் பழையதை நீக்க முடியாது. ஆக ஒரே சொல்லுக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் நிலைத்துவிடும். பழைய முறையில் 'தமிழ்' என்று தேடினால் புதிய முறையில் எழுதியது அகப்படாது. பெயர்ப் பட்டியல், இணைய முகவரி, கடவுச்சொல் எல்லாவற்றிலும் இந்த இரட்டை வேடம் தொடரும். பொது இடம் கிடைக்காததால் டேஸ்16, யாரும் தம் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தலாம் என்று விடப்பட்ட தனிப் பகுதியிலேயே நின்றது.

என் அபிப்பிராயம், கேட்டவர்களின் குறை உண்மையானது, மறுத்ததும் சரியானது. 1991-க்கு முன் கேட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். மறுத்தபின் என்ன நடந்தது என்பது இன்னும் முக்கியம். தமிழ் உயிர்மெய்களுக்கும் மெய்களுக்கும் முறையான பெயர் வேண்டும் என்ற தேவைக்கு, புது இடம் கொடுக்காமல், பெயரிட்ட தொடர்கள் என்ற பட்டியலில் இடம் கொடுத்தார்கள். எழுத்தெண்ணும் தேவையை வெளியே தீர்த்தார்கள். பைத்தான் மொழிக்கான 'ஓப்பன் தமிழ்' என்ற கட்டற்ற நிரலகத்தில் 'தமிழ்' என்று கொடுத்து எழுத்தாகப் பிரிக்கச் சொன்னால் த, மி, ழ் என்று மூன்றாகவே தருகிறது. கேட்டது புதுக் குறிமுறை. தேவைப்பட்டது சரியான எண்ணிக்கை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பல வேண்டுகோள்களை மறுத்துக்கொண்டே உதவ முடியும்.

அதே ஒருங்குறியார் வேறொன்றுக்குச் சம்மதித்தார்கள். முந்திரி, காணி, மாகாணி என்று நம் பாட்டனார்கள் மனப்பாடம் செய்த பின்னங்களின் குறிகள், வேலி, குழி, நன்செய், புன்செய், வராகன், பணம் முதலான கணக்குக் குறிகள், ஆக 51 குறிகளுக்கு 2019 மார்ச்சில் ஒருங்குறி 12.0-வில் இடம் கிடைத்தது. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. முதல் விண்ணப்பம் 2012-இல் போனது. ஏழு ஆண்டுகள் எடுத்தன. பழைய ஆவணங்களிலிருந்து ஒவ்வொரு குறிக்கும் சான்று காட்ட வேண்டியிருந்தது. இவற்றைக் கேட்டவர்களும் சிலரே. ஆனால் அதுவரை இல்லாததைக் கேட்டார்கள். இருந்த எதையும் அசைக்கச் சொல்லவில்லை. நோட்டோ எழுத்துரு வரிசையிலும் இந்தக் குறிகளுக்குத் தனி எழுத்துருவே உண்டு.

இதுவரை பார்த்தவற்றில் தவறு நேர்ந்தாலும் நஷ்டம் சிறிது. ஏற்கக் கூடாததை ஏற்றால் என்ன ஆகும் என்பதற்கு லாக்4ஜே கதை. ஜாவா மொழி நிரல்கள் தாங்கள் செய்வதை நாட்குறிப்பு போல எழுதிவைக்க உதவும் கட்டற்ற நிரலகம் இது. அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ்த் தன்னார்வலர்கள் பராமரிப்பது. 2013 ஜூலையில் ஒருவர் ஒரு வசதி கேட்டார், நிரலையும் தானே எழுதிக் கொடுத்தார். ஒரே சேவையகத்தில் பல வலைச் செயலிகள் ஓடும்போது அவற்றின் குறிப்புகளைத் தனித்தனிக் கோப்பில் பிரிக்க, ஜாவாவின் பெயர்த் தேடல் ஏற்பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி அது. நியாயமான தேவைதான். ஏற்றார்கள், செப்டம்பரில் வந்த பதிப்பில் சேர்ந்தது.

அந்த நிரலகத்தில் வேறொரு வசதி முன்பே இருந்தது. எழுதப்படும் குறிப்புக்குள் குறிப்பிட்ட அடையாளத்தோடு ஒரு சொல் வந்தால், அதன் மதிப்பைத் தேடி நிரப்பும். இரண்டும் தனித்தனியே சாது. சேர்ந்ததும் என்ன ஆயிற்று? வெளியாள் ஒருவர் தம் பெயரைக் கேட்கும் கட்டத்தில் பெயருக்குப் பதிலாக ஒரு முகவரியை அந்த அடையாளத்தோடு எழுதினால், நிரலகம் அதைக் குறித்துக்கொள்ளும்போதே அந்த முகவரிக்குப் போய், அங்கு கிடைக்கும் நிரலைக் கொண்டுவந்து ஓட்டிவிடும். பூட்டைத் திறக்க வேண்டியதில்லை. வாயிற்காப்போனின் பதிவேட்டில் பெயர் எழுதினாலே வீடு திறந்துகொள்ளும். பிள்ளைகள் விளையாடும் மைன்கிராஃப்டில் அரட்டையில் ஒரு வரி எழுதினாலே போதுமானதாக இருந்தது. எட்டாண்டு கழித்து, 2021 டிசம்பரில் இது வெளியே தெரிந்தது. அபாய மதிப்பெண் 10-க்கு 10. உலகெங்கும் கணினித் துறையினர் வார இறுதியை மறந்து ஒட்டுப்போட்டார்கள். தன்னார்வப் பராமரிப்பாளர்கள் தூக்கமின்றித் திருத்தத்தின்மேல் திருத்தம் வெளியிட்டார்கள், 2.16 பதிப்பில் ஒரு வசதியை நீக்கி, மற்றதை இயல்பாக மூடியே வைத்தார்கள். எத்தனையோ பேர் அந்தத் தேடல் வசதியைப் பயன்படுத்தியதே இல்லை. ஆனாலும் எல்லோர் வீட்டிலும் அது திறந்தே இருந்தது.

நிரலையும் எழுதிக் கொடுத்துவிட்டார் என்பதற்காக ஏற்பது சரியாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எழுதிக் கொடுத்தவர்மீது குற்றமில்லை. அவருக்குத் தம் தேவை தெரியும். முழு வீடும் தெரிய வேண்டியவர் பராமரிப்பாளர். இதைச் சொல்வது சுலபம். சம்பளமில்லாமல் இரவு பதினொரு மணிக்கு அதைப் பார்ப்பவரிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்ற கேள்வியும் உண்டு. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

இனி நம் மாணவியின் நான்கு வேண்டுகோள்கள்.

தில்லி ராகுகாலத்தை ஏற்கச் சொன்னேன், ஆனால் தில்லிக்கென்று செய்ய வேண்டாம் என்றேன். கேட்டவர் தில்லி என்றார். அவருக்குத் தேவைப்பட்டது இருக்கும் ஊர். அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் உதயமும் அஸ்தமனமும் கணக்கிட்டுவிடலாம். டொரண்டோவில் இருப்பவருக்கும் சிங்கப்பூரில் இருப்பவருக்கும் அதே நிரல் உதவும். டொரண்டோவில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தைத் திருப்புவார்களே என்றாள். அதை அவள் கணக்கிட வேண்டியதில்லை. உலக நேர மண்டலங்களைத் தொகுத்துவரும் பொதுத் தரவுத்தளம் ஒன்றைப் பெரும்பாலான இயங்குதளங்கள் தம்முள் வைத்திருக்கின்றன. அதுவும் தன்னார்வலர் வேலைதான்.

கொல்லம் ஆண்டு பார்க்கச் சுலபமாகத் தெரிந்தது. கி.பி. 825-இல் தொடங்குவது, கழித்தால் வந்துவிடும் என்றாள். ஆனால் மாதப் பிறப்பில் சிக்கல். சூரியன் ராசி மாறுவது அஸ்தமனத்துக்குள் நடந்தால் நமக்கு அன்றே மாதம் பிறக்கும். மலையாள முறையில் பகலின் ஐந்தில் மூன்று பங்குக்குள், அதாவது ஏறத்தாழ மதியம் 1.12-க்குள், நடந்தால்தான் அன்று, இல்லாவிட்டால் மறுநாள். ஆகவே சில மாதங்களில் சிங்கமும் ஆவணியும் ஒரு நாள் தள்ளிப் பிறக்கும். இது தெரியாமல் சேர்த்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கே தவறான தேதி காட்டியிருக்கும். அவர்கள் வீட்டுப் பையன் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். தனிக் கோப்பாக இருக்க வேண்டும், பத்தாண்டு மாதப் பிறப்புகளைப் பழைய நாட்காட்டிகளோடு ஒப்பிட்ட பட்டியலும் கூட வர வேண்டும், இயல்பாக மூடியிருக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனை வைத்திருக்கிறாள்.

நான்காவதை மறுத்தாள். யார் கொடுத்த முகவரிக்கும் போய் எதையும் கொண்டுவரும் கதவை அவள் திறக்கவில்லை. கோயில்காரர்கள் பட்டியலைச் சாதாரண எழுத்துக் கோப்பாக அனுப்பினால், பயன்படுத்துபவர் தாமே தேர்ந்து சேர்க்கும்படி ஒரு வழி செய்திருக்கிறாள். அதில் தேதியும் பெயரும் தவிர வேறெது இருந்தாலும் நிரல் படிக்காது. மறுப்புக் கடிதத்தை மூன்று முறை திருத்தி எழுதினாள். முதல் வரைவில் காரணமே இல்லை, மன்னிப்பு மட்டும் இருந்தது! கேட்டவருக்கு வருத்தம்தான், இருந்தாலும் கோப்பு அனுப்பிவிட்டார்.

வாக்கியப் பஞ்சாங்கம்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது. திருக்கணிதத்தோடு ஒப்பிட்டால் திதி முடியும் நேரம் சில மணி வேறுபடும். ஏகாதசியோ சிராத்தமோ வேறு நாளில் விழலாம். அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியாது. தெரியாததைத் தன் பெயரில் வெளியிட அவளுக்கு மனமில்லை. எனவே பெரியவரிடம், "தாத்தா, நீங்கள் அட்டவணையாகத் தாருங்கள், ஒவ்வொரு வருடமும் சரிபார்த்துத் தருவீர்களானால் சேர்க்கிறேன். தராத வருடம் அந்தப் பகுதி தானாக மறைந்துவிடும்" என்று எழுதினாள். சித்திரை முதல் ஆனி வரை அவர் கைப்பட எழுதி அனுப்பிவிட்டார். வைகாசியில் ஒரு திதிக்கு இரண்டு நேரம் இருக்கிறது. எது சரி என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாள்.